வீடு கட்டுவோரின் பொறுப்பு

2014-ம் வருஷம் ஜூன் மாதம் 28-ந் தேதி, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த பதினோரு மாடிக் கட்டிடம் ஒன்று இடிந்து வீழ்ந்து 61 பேர் மாண்டனர். அந்தத் துக்கம் ஆறுமுன்னரே, ஜூலை 6-ந் தேதி, திருவள்ளூர் ஜில்லா உப்பரபாளையத்தில் கிடங்கு ஒன்றின் மதில் மழையில் சரிந்து, அதன் ஓரத்தில் குடிசை போட்டு உறங்கிய கட்டிடத் தொழிலாளர் 11 பேரின் உயிரைக் குடித்தது. இரண்டிடத்திலும் மாண்டவர்களில் மிகப் பலர் பிழைப்புத் தேடி வந்த வெளியூர் ஏழைகள். இரண்டிடத்திலும் முதலில் எழுந்த கேள்வி ஒன்றே: “இதைக் கட்டியது யார்? அனுமதித்தது யார்?” பிணங்களை எடுத்த பின்பு கேட்கும் இந்தக் கேள்வியை, அஸ்திவாரம் தோண்டுமுன் ஏன் கேட்கக் கூடாது என்பதே நாம் இன்று பொதுஜனங்களின் முன் வைக்க விரும்பும் விஷயம்.

“அவை பெரிய கட்டிடங்கள், நான் கட்டுவதோ இரண்டு அறை வீடு” என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் சென்று பார்ப்போருக்கு இந்தச் சமாதானம் போதாது. சிப்காட் தொழிற்பேட்டையை நம்பிப் பீஹாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வரும் தொழிலாளருக்கு இருக்க இடம் வேண்டும். வாடகை வருமானத்தை உத்தேசித்துச் சுற்றுக் கிராமங்களில் உள்ளவர்கள் வீட்டின் மேல் ஒரு மாடியும், கொல்லையில் வரிசையாக அறைகளும் எழுப்புகிறார்கள். பேச்சு எப்படி நடக்கிறது? சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரி வாயால் சொல்கிறார். சொந்தக்காரர் அட்வான்ஸ் கொடுக்கிறார். மறுநாள் கடைக்கால் தோண்டப்படுகிறது. வரைபடம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, கீழ்ச்சுவர் மேல்மாடியைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்லும் என்ஜினீயரும் இல்லை. அந்த அறைகளில் படுத்துறங்கப் போகிறவர்களோ ஏதும் அறியாத பிறர். தன் வீடு தன் இஷ்டம் என்ற வாதம் இங்கே செல்லாது.

கும்மிடிப்பூண்டி, வீடு கட்டும் இரும்புக் கம்பியை உருக்கித் தரும் ஆலைகள் பல உள்ள ஊர். அந்தக் கம்பிக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை இருந்தே தீரவேண்டும் என்பது சட்டம். ஆனால் அதே கம்பியை வளைத்துக் கட்டித் தூண் எழுப்பும் மனிதருக்கு யாதொரு முத்திரையும் தேவையில்லை! தனியார் வீடு கட்டும் காண்ட்ராக்டருக்குத் தமிழ்நாட்டில் பொதுவான லைசென்ஸ் முறை கிடையாது. பொதுப்பணித் துறையில் வகுப்புவாரியாகப் பதிவு செய்வது சர்க்கார் வேலைகளை எடுப்பதற்காகவே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் காண்ட்ராக்டர்களுக்கு லைசென்ஸ் வழங்கும் சபை 1929-லேயே ஏற்பட்டுவிட்டது. நம்மவர் பலர் குடியேறியுள்ள சிங்கப்பூரில், வீட்டு வசதிக் கழகத்து வீடுகளைப் புதுப்பிக்க விரும்புவோர் அக்கழகத்தின் பட்டியலில் உள்ள காண்ட்ராக்டரையே அமர்த்த வேண்டும். நம் நாட்டிலும் இத்தகைய ஏற்பாடு வருவது அவசியமே. ஆயினும் அது வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இருக்கும் சட்டங்களே கேட்பவனுக்குப் பல ஆயுதங்களைத் தருகின்றன.

முதலாவது, மின்சாரம். பல்பும் ஸ்விச்சும் மாற்றுவது போன்ற சில்லறைக் காரியங்கள் நீங்கலாக, மின் அமைப்பு வேலைகளை லைசென்ஸ் பெற்ற மின் காண்ட்ராக்டரே, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்விக்க வேண்டும் என்பது விதி. அந்த லைசென்ஸை வழங்கச் சர்க்காரின் மின் உரிம வாரியம் இருக்கிறது. அதற்குக் கெடு உண்டு. புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்க, வேலையை வேறொருவர் செய்து, கையெழுத்துக்கு மட்டும் காசு கொடுக்கும் வழக்கத்துக்கு நாம் இடங்கொடுக்கலாகாது.

இரண்டாவது, கட்டிட அனுமதி. 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019-ம் வருஷத்து ஒருங்கிணைந்த கட்டிட விதிகளும் இதை வற்புறுத்துகின்றன. 2024 ஜூலையில் சர்க்கார் சுயசான்று முறையை ஏற்படுத்தினர். 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கட்டுவோர் இணையதளத்தின் மூலம் உடனே அனுமதி பெறலாம். ஆபீஸுக்கு ஆபீஸ் அலைவதும் லஞ்சத்துக்கு ஆளாவதும் குறையும் என்ற வகையில் இது வரவேற்கத் தக்கதே. ஆனால் முன்கூட்டிப் பரிசோதனை இல்லாத இடத்தில் பொறுப்பு முழுவதும் சான்றளிப்பவர் தலையில் விழுகிறது என்பதை மறக்கலாகாது. “அனுமதி நான் வாங்கித் தருகிறேன்” என்று காண்ட்ராக்டர் சொன்னால், அந்த உத்தரவையும் வரைபடத்தையும் கண்ணால் பார்த்து நகல் பெற்ற பின்பே பணம் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, கழிவுநீர்த் தொட்டி. இதே ஜில்லாவைச் சேர்ந்த மீஞ்சூரில், 2023-ம் வருஷம் மே தினத்தன்று, தனியார் பள்ளி ஒன்றின் தொட்டியைச் சுத்தம் செய்த தொழிலாளர் இருவர் விஷவாயு தாக்கி மாண்டனர். மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013-ம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. இத்தகைய மரணத்துக்கு நஷ்டஈடு 30 லக்ஷத்துக்குக் குறையலாகாது என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆகவே ஸ்தல ஸ்தாபனத்தின் லைசென்ஸ் பெற்ற லாரியைத் தவிர வேறெவரையும் இந்த வேலைக்கு அழைப்பது பெரும் பாதகம்.

இனி, காகிதம் இருந்தால் போதுமா? போதாது. மௌலிவாக்கத்துக் கட்டிடம் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி பெற்றதே! திட்ட அனுமதி என்பது நிலப் பயனையும், உயரத்தையும், விடவேண்டிய இடைவெளியையும் பற்றியது. தூணின் வலிமைக்குப் பொறுப்பு கட்டுவோரையும் அவர்கள் அமர்த்திய நிபுணர்களையும் சார்ந்தது என்று அப்போது சொல்லப்பட்டது. ஓய்வு பெற்ற நீதிபதி ரகுபதியைக் கொண்டு விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. பக்கத்திலிருந்த மற்றொரு கட்டிடம் 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. ஆயினும் மாண்டவர் மீளவில்லை. ஆதலால் லைசென்ஸ் உண்டா என்று கேட்பதோடு நில்லாமல், அது எதற்கு லைசென்ஸ், எதற்கு அல்ல என்றும் கேட்க வேண்டும். மண்ணைப் பரிசோதித்தது யார், கம்பிக் கணக்கைப் போட்டது யார், அவர் பெயரும் பதிவெண்ணும் வரைபடத்தில் உண்டா என்று அறிந்துகொள்ள வேண்டும்.

மோசம் போனவர்களுக்குப் பரிகாரம் என்ன? 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் மனைப்பிரிவுகளையும் அடுக்குமாடிகளையும் விற்போரைக் கட்டுப்படுத்துகிறது; தன் மனையில் தான் வீடு கட்டிக்கொள்பவருக்கு அதனால் உதவி இல்லை. அவருக்குப் புகலிடம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவை என்பதை அச்சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் எழுத்து மூலமான ஒப்பந்தமும் ரசீதும் இல்லாதவன் அங்கே எதைக் காட்டி வழக்காடுவான்? வேலை நடக்க நடக்கத் தவணையாகப் பணம் தருவதும், ஒவ்வொன்றுக்கும் ரசீது பெறுவதும் அவநம்பிக்கை ஆகா. யோக்கியமான மேஸ்திரிக்கும் அதுவே பாதுகாப்பு. கூலி பாக்கி வைக்கும் சொந்தக்காரர்களும் உண்டல்லவா?

இது தனி மனிதரின் ஜாக்கிரதையால் மட்டும் முடியும் காரியமன்று. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கூடும் கிராம சபைகளில் பொதுநல ஊழியர்கள் இதை எழுப்ப வேண்டும். ஊரில் அனுமதி பெற்று நடக்கும் கட்டிடங்கள் எவை, அவற்றின் பொறுப்பாளர் யார் என்ற பட்டியலைப் பஞ்சாயத்து ஆபீஸின் சுவரில் ஒட்டும்படி தீர்மானம் செய்யலாம். அதற்குப் பெரும் செலவில்லை. சர்க்காரும் தம் பங்குக்கு, மாடி எழுப்பும் ஒவ்வொரு காண்ட்ராக்டரும் தம்மைப் பதிவு செய்துகொள்ளும்படி சட்டம் செய்ய வேண்டும். பல வருஷம் கையால் தொழில் கற்ற மேஸ்திரிகளைத் தள்ளிவிடாமல், அவர்களுக்குப் பயிற்சியும் பரீக்ஷையும் வைத்து அந்தப் பதிவில் சேர்க்க வேண்டும். உப்பரபாளையத்தில் மதிலோரம் உறங்கியவர்களுக்கு அந்த மதிலைக் கட்டியது யார் என்று கேட்கும் சக்தி இருக்கவில்லை. அவர்களுக்காகக் கேட்க வேண்டிய கடமை, கேட்கும் சக்தி படைத்த நமக்கு உண்டு.