கால் குடைச்சலும் தூக்க மாத்திரையும்

இரவு பத்து மணிக்கு வீடெல்லாம் அடங்கிய பிறகும், எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு காலடியோசை மட்டும் அடங்காமல் கிழக்கும் மேற்குமாகப் போய் வந்துகொண்டிருக்கும். அது என் தாயாருடையது. படுத்தால் முழங்காலுக்குக் கீழே சதைக்குள் ஏதோ ஊர்வது போலவும் எலும்பை யாரோ குடைவது போலவும் இருக்கிறது என்பார். காலை நீட்டி மடக்கி உதறினால் சற்றுத் தணியும், எழுந்து நடந்தால் முற்றிலும் தணியும், திரும்பப் படுத்த மாத்திரத்தில் உபாதையும் திரும்பிவிடும். ‘காலைக் கொஞ்சம் மிதிச்சு விடுடா’ என்று சிறுவனாயிருந்த என்னை அழைப்பார்; நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அவருடைய கெண்டைக்கால்களின்மேல் ஏறி நிற்பேன்; அந்தப் பாரம் தரும் அரைமணி நித்திரைக்காக அவர் எத்தனையோ இரவுகள் என்னை எதிர்பார்த்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் இதற்குக் கால் குடைச்சல் என்று பெயர். கால் உளைச்சல் என்பாரும் உண்டு. வயதானால் வருவது, வாயுவினால் வருவது, நாள் முழுதும் நின்று வேலை செய்வதால் வருவது என்று ஏதாவதொரு சமாதானத்தில் பேச்சு முடிந்துவிடும். வைத்தியரிடம் போகிறவர்கள்கூடக் காலைப் பற்றிச் சொல்லுவதில்லை. ‘ராத்திரி தூக்கமே இல்லை’ என்றுதான் சொல்லுகிறார்கள், சொன்னதற்கேற்ற மாத்திரையும் சீட்டில் விழுந்துவிடுகிறது. என் தாயார் ஏறக்குறையப் பத்து வருஷம் அவ்விதம் தூக்க மாத்திரை சாப்பிட்டார். மாத்திரை கண்ணை அழுத்தும், கால் எழுப்பிவிடும். இரண்டுக்கும் நடுவே அரைமயக்கத்தில் நடந்தவர் ஒரு நாள் வாசற்படியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தூக்கமின்மை அவருடைய வியாதியன்று, வேறொரு வியாதியின் விளைவு என்று எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு நரம்பியல் வைத்தியர் வாய்ப்பதற்குள் அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. இந்த உபாதைக்கு மருந்து உண்டு, நல்ல மருந்தே உண்டு. ஆனால் எது முன்னே, எது பின்னே என்ற வரிசை தவறினால் அந்த மருந்தே உபாதையை வளர்த்துவிடும் என்பதை நான் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்’ என்று வைத்திய நூல்கள் கூறும் இந்த நோய் நூதனமானதன்று. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர் 1672ல் லத்தீன் மொழியில் எழுதிய நூலிலேயே இதன் லக்ஷணங்களை விவரித்திருக்கிறார். அவர் கையாண்டது அபினி கலந்த ஔஷதம். இதற்கு இப்போதுள்ள பெயரைச் சூட்டியவர் கார்ல் ஆக்சல் எக்பாம் என்ற ஸ்வீடன் தேசத்து வைத்தியர். 1945ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி நூலோடுதான் இது தனியொரு நோயாக அங்கீகாரம் பெற்றது. அதே தேசத்தைச் சேர்ந்த நார்ட்லாண்டர் 1953ல் இரும்புச் சத்தை இரத்த நாளத்தின் வழியே செலுத்தி நோயாளிகளுக்கு ஆறுதல் தந்தார் என்ற செய்தியை நான் படித்தபோது என் மனத்தில் உண்டான வேதனையை எழுத்தில் சொல்ல இயலாது. என் தாயார் கூடத்தில் நடந்த அத்தனை இரவுகளிலும், அவருக்கு வேண்டியிருந்தது இன்னதென்ற ஞானம் உலகத்தில் எங்கோ இருந்துகொண்டுதான் இருந்தது.

இரும்புக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நமது அசைவுகளை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்ற பொருளை மூளை உற்பத்தி செய்வதற்கு இரும்பு வேண்டும். இரத்தத்தில் குறையில்லாதிருந்தும் மூளையில் இரும்பு குறைந்திருக்கக்கூடும் என்பது இந்த நோயின் விசேஷம். ஆகையால் ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து ‘இரத்தம் நன்றாக இருக்கிறது’ என்று அனுப்பிவிடுவது போதாது. சரீரத்தில் இரும்பின் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் பரீட்சையையும் செய்ய வேண்டும். இங்கே இன்னொரு மயக்கமும் இருக்கிறது. ஃபெரிட்டின் மில்லி லிட்டருக்கு 20 நானோகிராம் என்றால் அநேக பரிசோதனைக் கூடங்களின் சீட்டில் அது சரியான அளவு என்றே அச்சாகிவரும். ஆனால் கால் குடைச்சல் உள்ளவருக்கு அது 75க்கு மேல் போகாவிட்டால் இரும்பு கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது இன்றைய வல்லுநர்களின் அபிப்பிராயம். என் தாயாருக்கு ஹீமோகுளோபின் பன்னிரண்டுக்கு மேல். ஃபெரிட்டினோ வெறும் 18. பரீட்சை செய்யாமல் கடையில் வாங்கி விழுங்குவதற்கு மட்டும் இரும்பு மாத்திரை உரியதன்று; சிலருடைய சரீரத்தில் அது மிதமிஞ்சிச் சேர்ந்து ஈரலுக்குத் தீங்கு செய்யும். தேவையானவர்களும் அதைக் காபியோடோ டீயோடோ சாப்பிட்டால் பெரும்பகுதி வீணாகிவிடும்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேர் இரத்த சோகை உள்ளவர்கள். கர்ப்பகாலத்திலும், சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடத்திலும் இந்த உபாதை அதிகம் என்பதையும் இதனோடு சேர்த்து நினைத்தால், எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள், ஒருவரிடமும் சொல்லாமல் இரவில் எழுந்து நடந்துகொண்டிருப்பார்கள் என்ற எண்ணம் என்னை வருத்துகிறது.

நரம்பியல் வைத்தியர் என் தாயாருக்கு முதலில் கொடுத்தது டோபமினைப் போலவே வேலை செய்யும் ஒரு மாத்திரை. 1982ல் துருக்கி தேசத்து வைத்தியர் அக்பினார் என்பவர், லெவோடோபா என்ற மருந்தால் இந்நோய் தணிவதைக் காட்டியதிலிருந்து அந்த வழியே ராஜபாட்டையாயிற்று. டோபமினைப் போல வேலை செய்யும் மருந்துகளான ரோபினிரோலுக்கு 2005லும் பிரமிபெக்சோலுக்கு 2006லும் அமெரிக்க அரசு இந்நோய்க்கென்றே அனுமதி வழங்கியது. முதல் இரவே அவர் ஆறு மணி நேரம் உறங்கினார். மறுநாள் காலையில் அவர் முகத்தில் கண்ட தெளிவை நாங்கள் தெய்வாதீனமென்றே கருதினோம். மூன்று வருஷத்துக்குப் பிறகோ, இரவில் மட்டும் வந்த குடைச்சல் மாலை நாலு மணிக்கே வரத் தொடங்கியது. பின்பு கைகளுக்கும் பரவியது. அளவைக் கூட்டினார்கள், சில மாதம் தணிந்து மறுபடியும் முன்னிலும் கடுமையாக வந்தது. மருந்தே நோயைப் பெருக்கும் இந்த நிலையை லெவோடோபாவில் ஆலன், எர்லி என்ற ஆராய்ச்சியாளர்கள் 1996ல் விவரித்திருந்தார்கள் என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதே வர்க்கத்து மருந்துகள் சிலரைச் சூதாட்டத்திலும் அடக்கமுடியாத செலவிலும் தள்ளுவதுண்டு. வெளியில் சொல்லக் கூசும் அந்த மாற்றத்துக்கு மாத்திரை காரணமாயிருக்கலாம் என்று குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது வைத்தியர் கடமை.

அமெரிக்க நித்திரை மருத்துவ சங்கம் 2025 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறை இந்த மருந்துகளை வழக்கமான சிகிச்சையாகக் கையாள வேண்டாம் என்று கூறி, முதலில் இரும்பின் நிலையை அறியச் சொல்லுகிறது. மருந்து வேண்டுமானால் கபாபென்டின், பிரிகாபலின் முதலியவற்றைச் சிபாரிசு செய்கிறது. அவையும் தோஷமற்றவையல்ல, முதியவர்களுக்குத் தலைசுற்றலும் பகல் மயக்கமும் உண்டாகும், சிறுநீரகத்தின் சக்திக்குத் தக்கபடி அளவைக் குறைக்கவும் வேண்டும். ஆயினும் அவற்றால் நோய் வளர்வதில்லை.

சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் மாத்திரைகளில் பல தூக்கம் வரச் செய்பவை என்பதால், தூக்கத்துக்காகவே அவற்றைக் கடையில் கேட்டு வாங்குவோர் உண்டு. அவை காலின் உபாதையை அதிகப்படுத்துகின்றன. வாந்தியை நிறுத்தும் மெட்டோகுளோபிரமைடும், மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகளில் பலவும் அப்படியே. இவற்றில் எதையும் நோயாளி தாமே நிறுத்தலாகாது. ஆனால் கால் குடைகிறது என்பவரிடம் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேளாமல் புதியதொன்றை எழுதுவதும் முறையன்று. கால் அடங்கிய பின்னும் படுக்கையைக் கண்டாலே அஞ்சும் பழக்கம் சிலருக்கு மிஞ்சிவிடும். அதற்கும் மாத்திரையைவிடப் படுக்கை நேரத்தையும் எண்ணங்களையும் சீர்செய்யும் பயிற்சியே முதற்சிகிச்சை.

நமது அரசு ஆஸ்பத்திரிகளில் தூக்கமில்லை என்று வருகிற ஒவ்வொருவரிடமும், படுத்தால் கால் சும்மா இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லை, குடைகிறது என்பவருக்கு ஃபெரிட்டின் பரீட்சை இலவசமாகக் கிடைக்க வேண்டும். தூக்க மாத்திரைச் சீட்டு அதற்குப் பிறகு எழுதப்படட்டும்.

என் தாயாருக்கு இரும்பை இரத்த நாளத்தின் வழியே ஏற்றி, கபாபென்டினைத் தொடங்கி, பழைய மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். சட்டென்று நிறுத்தினால் தாங்கமுடியாது என்று எச்சரித்திருந்தார்கள். சிறிது சிறிதாகக் குறைத்தும் அந்த இரண்டு வாரங்கள் அவர் கண்மூடவில்லை, நானும் மூடவில்லை. கூடத்தில் அவர் நடக்க, நான் உடன் நடந்தேன். களைத்துப் படுத்தபோது, சிறுவனைப் போல் மேலே ஏறி நிற்க முடியாத பருமனாகிவிட்ட நான், அவருடைய கெண்டைக்கால்களை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.