வித்வத் சமூகமும் வணிகத் தளங்களும்

2022 அக்டோபரில் 4,400 கோடி டாலருக்குக் கைமாறிய டுவிட்டர், ஆராய்ச்சியாளர்களுக்கு இலவசமாக அளித்துவந்த தரவு வசதியை நிறுத்தப்போவதாக மறு ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தபோது, நெடுங்காலமாக அங்கே கூடி விவாதித்த பல்கலைக்கழகப் பண்டிதர்கள், பிறர் வீட்டுத் திண்ணையில் தாம் அமர்ந்திருந்ததை உணர்ந்தார்கள்.

அத்தளத்தின் உபகாரத்தை நாம் மறுக்கவில்லை. 2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் மரபணு வரிசை வெளியான செய்தியை விஞ்ஞானி எட்வர்ட் ஹோம்ஸ் உலகுக்கு அறிவித்தது அதன் வாயிலாகவும்தான். ஆனால் அந்த வரிசையை அவர் வெளியிட்டது ஆய்வாளர்களே நடத்திய வேறொரு தளத்தில்.

அறிவிப்புக்கு வணிகத் தளங்கள் போதும். வித்வான்களின் விவாதமும் அதன் ஆதாரங்களும், 1991 முதல் இயங்கும் ஆர்க்சைவ் என்னும் ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியத்தைப் போல, லாபநஷ்டக் கணக்குக்கு அப்பாற்பட்ட ஸ்தாபனங்களிலேயே தங்கவேண்டும் என்பதும், அதற்கான செலவைப் பல்கலைக்கழகங்கள் தம் நூலகச் செலவோடு சேர்த்து ஏற்கவேண்டும் என்பதும் நமது திடமான அபிப்பிராயம்.