துரியோதனன் வேஷம் கட்டட்டும், விடுங்கள்

சுங்குவார்சத்திரத்தில் டீ குடிக்கும்போது நண்பர் ஒருவர் சொன்னார்: "ஸ்கூல்ல கூத்து, நாடகம்னு விட்டா பசங்க கெட்டுப்போயிடுவாங்க சார். சேலையை இழுக்கிறது, தொடையில அடிச்சுக் கொல்றது, இதையா சொல்லித் தரணும்?" பக்கத்து பெஞ்சில் மூன்று பையன்கள், பட்டாக்கத்தியால் கேக் வெட்டும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நண்பர் கண்ணில் அது படவில்லை.

பார்த்ததைப் போலச் செய்வதற்குப் பையன்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம். தெரிந்து செய்கிறார்களா, தெரியாமல் செய்கிறார்களா என்பதுதான் கேள்வி.

அடுத்தவன் ஆசைப்படுவதைப் பார்த்தே நாம் ஆசைப்படுகிறோம், அந்தப் போட்டிதான் வன்முறையில் முடிகிறது என்றார் பிரெஞ்சு சிந்தனையாளர் ரெனே ஜிரார். நம் பாரதக் கூத்துக்கு இது புதுச் செய்தி அல்ல. துரியோதனனுக்கு என்ன குறை? அஸ்தினாபுரமே கையில் இருந்தது. இந்திரப்பிரஸ்தத்து மண்டபத்தைப் பார்த்த பிறகுதான் வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் சூதாகி, துகிலாகி, படுகளத்தில் முடிந்தது. ஒரகடத்து வாடகை அறையில், ரூம்மேட் வாங்கிய பைக்கைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் புரளும் பையனுக்கு இந்தக் கதை புரியாதா?

துச்சாதனன் வேஷம் கட்டுகிறவன் கற்பூரம் ஏற்றி, திரௌபதி அம்மனை வணங்கிவிட்டுத் துகிலில் கை வைக்கிற வழக்கம் பல ஊர்களில் உண்டு. எங்கே இழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரியும். விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போவான். அவனே இன்னொரு நாள் திரௌபதியாக நின்று, இழுபடுவது என்னவென்றும் அறியலாம். வீடியோ பார்க்கிற பையனுக்குக் கழுவ அரிதாரம் இல்லை.

இதைச் சொல்லித்தர ஆள் தேடி எங்கோ போக வேண்டாம். காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில், கூத்துக் கலைஞர் ராஜகோபாலும் அவர் மனைவி ஹன்னே டி ப்ரூயினும் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் இருந்தது. பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றுத் தந்தார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். 2020-இல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது.

நம் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் கார், செல்போன், கண்ணாடி என்று ஆலைகள். 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தச் சட்டத்தின் பட்டியலில் பாரம்பரியக் கலையும் இருக்கிறது. பெஞ்சும் கம்ப்யூட்டரும் கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பள்ளிக்கு ஒரு கூத்து வாத்தியாருக்கும் சம்பளம் கொடுங்கள்.

கூத்து கற்றவனெல்லாம் உத்தமனாகிவிடுவான் என்று நான் சொல்லவில்லை. தன் ஆசை யாரைப் பார்த்து வந்தது என்று ஒரு முறையாவது யோசிப்பான். ஐ.டி.ஐ.யில் கையைப் பழக்குகிறோம். அந்தக் கை ஓங்கும்போது நிறுத்த எங்கே பழக்குகிறோம்?

நண்பரே, அடுத்த முறை டீ என் கணக்கு. பக்கத்து பெஞ்சையும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.