சக்கரத்தின் நடுவே ஒரு பாடம்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. இடவப்பாதியில் ஒன்று, ஐப்பசியில் இன்னொன்று. தேரூர் வயல்வரப்பிலும் ராஜாக்கமங்கலத்து உப்புக்காற்றிலும் ஓடும் பிள்ளைகளின் சைக்கிளை முதலில் தின்பது துரு அல்ல, சக்கரத்தின் நடுவே புகும் சேற்றுநீர்தான். அங்கே அச்சைச் சுற்றிச் சிறு இரும்புக் குண்டுகள் கிரீஸில் மிதந்து உருளுகின்றன. பின்சக்கரத்தில் வழக்கமாகப் பக்கத்துக்கு 9. கிரீஸ் கரைந்தால் குண்டு தேயும், குண்டுகளை அச்சில் தாங்கும் கோன் குழிவிழும், சக்கரம் ஆடும். தேங்காய் எண்ணெய் விட்டுச் சத்தத்தை அடக்குவது தீர்வல்ல. எண்ணெய் மிச்சமிருக்கும் கிரீஸையும் கழுவிவிடும்.

2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் விரிந்த தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுசேர்த்தது. அந்த வண்டியோடு இரண்டு ஸ்பேனரும் ஒரு டப்பி கிரீஸும் தர வேண்டும்; சக்கரத்தைப் பிரித்துப் பூட்ட ஒரு நாள் வகுப்பும் வேண்டும். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார், ஆடினால் கழற்று. மண்ணெண்ணெயில் கழுவு, தேய்ந்த குண்டை மாற்று, புது கிரீஸ் வை. கோனை ஆட்டம் நிற்கும்வரை மட்டும் முறுக்கு. இறுகினால் சக்கரம் சுழலாது. மழைக்காலம் முடிந்ததும் இதைச் செய்தால் வண்டி பல்லாண்டு உழைக்கும். கையில் கறைபடக் கற்ற பிள்ளை எந்தப் பொருளையும் எளிதில் தூக்கி எறியாது.