ஆயிரம் யாருக்கு அப்பால்

பத்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் சென்ற வாரம் ஒரு வினாவுடன் எம்மை நாடி வந்தான். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நாள்தோறும் பஸ்சில் வந்து படிப்பவன், கணக்கிற் கெட்டிக்காரன், வீண் பேச்சுப் பேசாதவன். அயல்நாட்டார் சிலர் பழங்காலத் துவக்குகளை ஏந்தி, மல்லாந்து படுத்து, கால்களின்மேற் குழலைச் சார்த்தி, கண்ணுக்கெட்டாத் தொலைவில் நிற்கும் பலகையைச் சுடுகின்ற காட்சியை அவன் ஏதோ ஒரு படத்திற் பார்த்திருக்கிறான்.

"சேர், ஒருநாட் போட்டிக்கு ஆறு மாதமாக ஆயத்தம் செய்கிறோம் என்று அதிலே ஒருவர் சொல்லுகிறார். மருந்தைப் போட்டு, குண்டைப் போட்டுச் சுடுவதற்கு ஆறு மாதம் எதற்கு?"

நாமோ சரித்திரம் கற்பிப்பவர். துவக்கை நாம் தொட்டதுமில்லை. தொடும் ஆசையும் இல்லை. ஆயினும் மாணவன் கேட்ட வினாவைத் தட்டிக்கழிப்பது ஆசிரியனுக்கு அழகன்று. அவனுக்குச் சொல்லியதை வாசகர்களுக்கும் சொல்லுகின்றோம்.

துவக்கின் கதைக்குப் பதுளை புதிய ஊரன்று. நகரிலுள்ள புனித மாற்கு தேவாலயத்தைப் பலரும் பார்த்திருப்பர். அது மேஜர் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுந்தது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் இருந்த அவர், ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பது அக்காலத்தார் கணக்கு. 1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவருக்குச் சில ஆண்டுகள் பின்னர் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் வேட்டைக்காரரின் துவக்கு ஒன்று 21 இறாத்தல் நிறையுடையது. அதற்கு ஒரு தடவைக்கு ஓர் அவுன்சு மருந்து வேண்டும். தூக்கிப் பிடிப்பதற்கே ஒரு பீமசேனன் வேண்டும் போலும்! ஆனால் இவர்கள் யானையை எதிர்கொண்டதோ சில அடி தூரத்தில். அங்கே வேண்டியது நெஞ்சுரம், நுண்கணக்கன்று.

நம் மாணவன் கண்டது வேறு வகை. அங்கே தூரம் 1000 யார். அரை மைலுக்கு மேல். நமது தோட்டங்களில் ஒரு மலைச்சரிவில் நின்று பள்ளத்தாக்கிற்கு அப்பாலுள்ள லயத்தை நோக்குங்கள். அங்கே வாசலில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. அத்தூரத்தில் மூன்றடிச் சதுரமான ஒரு கறுப்புப் புள்ளி, இரண்டு யார் தள்ளிப் பிடித்த குண்டூசியின் தலையளவே தோன்றும். அதனை, தொலைநோக்கி பூட்டாத துவக்கினால், கறுப்பு வெடிமருந்தினால் அடிக்க வேண்டும்.

கறுப்பு மருந்தாவது வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்த கலவை. இது நமது நாட்டிற்கும் பழையது. ஆங்கிலேய இராணுவ வைத்தியரான ஜோன் டேவி, கண்டி இராச்சியத்துக் குகைகளில் வெளவால் எச்சம் படிந்த மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்த முறையை 1821இல் வெளியிட்ட தமது நூலில் விவரித்துள்ளார். இக்காலத்துப் புகையற்ற மருந்து உந்தும் வேகத்திற்கு இது உந்துவதில்லை. குண்டு 1000 யாரைக் கடக்க மூன்று விநாடிக்கு மேலாகும். அந்த மூன்று விநாடியும் பூமி அதனைக் கீழே இழுத்துக்கொண்டேயிருக்கும். ஆகவே குறியை நோக்கி நேரே சுட்டாற் குண்டு பாதி வழியிலே நிலத்திற் புதையும். வானை நோக்கி ஏற்றிச் சுட வேண்டும். நடுவழியிற் குண்டு ஏறத்தாழ 40 அடி உயரத்திற் பறந்து, பின் வளைந்து இறங்கிக் குறியிற் படும்.

"அப்படியானால் அது சுடுவதில்லை சேர், எறிவது" என்றான் மாணவன். நன்றாகச் சொன்னான்.

இனி அந்த ஆறு மாதத்தைப் பார்ப்போம். முதலிற் குண்டு. ஈயத்துடன் சிறிது வெள்ளீயம் கலந்து உருக்கி அச்சில் வார்ப்பர். ஒரு குண்டின் எடை ஏறத்தாழ 35 கிராம். நான்கு பவுண் நகைக்கு மேல். வார்த்தவற்றை ஒவ்வொன்றாகத் தராசில் இட்டு நிறுப்பர். ஒரு நெல்மணியளவு குறைந்தாலும் உள்ளே காற்றுக்குமிழி இருக்கின்றதென ஐயுற்று மறுபடியும் உருக்குப் பானையிற் போட்டுவிடுவர். நூறு வார்த்தால் எத்தனை தேறும் என்பது வார்ப்பவன் பொறுமையைப் பொறுத்தது. தேறியவற்றுக்கு ஆடை உடுத்துவதும் உண்டு. பருத்திக் கந்தையிற் செய்த மெல்லிய தாளைச் சரிவாக வெட்டி, நனைத்து, குண்டைச் சுற்றி இருமுறை உருட்டுவர். தாளின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறலாகாது. குழலின் முறுக்குவரிகளில் ஈயம் அப்பாமற் காத்துவிட்டு, வாயைக் கடந்ததும் இத்தாள் பொடிப்பொடியாகச் சிதறிவிடும். வீட்டிலே மனைவிமாரும் பிள்ளைகளும் இத்தாளை வெட்டித் தருவதுண்டோ என்பதை நாம் அறியோம். வருவேலைக்கு ஆள் சேர்ப்பது குடும்பத்தலைவர்களின் இயல்பன்றோ!

அடுத்து மருந்து. ஒரே தடவையிற் செய்த மருந்தையே போட்டி முடியும்வரை வைத்திருப்பர். ஒரு பீப்பாய் போல் மறு பீப்பாய் எரியாது. ஆறு கிராமை அளந்து, நீண்ட குழாய் வழியாக மெல்ல ஊற்றினால் மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி அமரும். வேகமாகக் கொட்டினால் அமராது. அமராத மருந்து ஒருநாள் ஒரு வகையாகவும் மறுநாள் வேறு வகையாகவும் எரியும். எரிந்தபின்னும் தொல்லை தீர்வதில்லை. இம்மருந்திற் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் எஞ்சும். அக்கசடு குழலின் உட்புறத்தில் அப்பிக் காய்ந்தால் அடுத்த குண்டு வழி தவறும். ஆதலால் ஒவ்வொரு வேட்டுக்குப் பின்னும் ஈரத்துணியால் துடைப்பார் சிலர். ஒரு சிறு குழாயை வைத்து வாயால் ஊதி, தம் மூச்சின் ஈரத்தினாற் கசடை இளக்குவார் சிலர். எத்தனை முறை ஊத வேண்டும் என்பதும் அன்றைய வெயிலையும் ஈரப்பதத்தையும் பொறுத்தது. அதனையும் கொப்பியிற் குறித்து வைப்பர்.

குறிபார்க்கும் பின்தகடு ஏணிபோல் உயர்ந்து நிற்கும். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குவரை அதனைத் திருகி உயர்த்தலாம். அவ்வளவு சிறிய திருகல், 1000 யாரிற் பத்தரை அங்குல வேறுபாட்டை உண்டாக்கும். துவக்குச் சற்றே சாய்ந்தாலும் குண்டு பக்கம் போய்விடுமாதலின், மேசன்மார் வைத்திருப்பதைப் போன்ற ஒரு சிறு நீர்மட்டமும் முன்புறத்திற் பொருத்தப்பட்டிருக்கும்.

இத்தனையும் செய்தாலும் காற்று ஒன்று இருக்கிறதே! மூன்று விநாடி பறக்கும் குண்டைப் பக்கக் காற்றுப் பல அடி தள்ளிவிடும். ஊவாவில் உள்ளவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவத்தில் மலையின் மறுபுறத்தே மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு நம் பக்கம் இறங்கும் காற்று தேயிலைக்குத் தனி மணத்தைத் தருவதும், லயத்துத் தகரங்களைத் தட்டிப் பார்ப்பதும் யாவரும் அறிந்தவை. கீழே தேயிலை அசையாது நிற்க, மேலே சவுக்கு மரம் பேயாடும். குண்டு பறப்பதோ அந்த மேற்காற்றில். ஆதலின் போட்டிக்காரர் கொடியைப் பார்ப்பர், புல்லைப் பார்ப்பர், தொலைநோக்கியினூடே நிலத்தின்மேல் நெளியும் கானல் எப்பக்கம் ஓடுகிறதென்றும் பார்ப்பர். காற்றைப் படிக்கவே ஆறு மாதம் போதாதென்று சொல்லலாம்.

நிற்க. இத்தகைய போட்டிகளுட் புகழ்பெற்ற ஒன்றை மாணவனுக்குக் கூறினோம். 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆம் நாள் நியூயோர்க் அருகே கிரீட்மூர் என்னும் திடலில் அயர்லாந்தும் அமெரிக்காவும் மோதின. அயர்லாந்தார் முந்திய ஆண்டு இங்கிலாந்தையும் ஸ்கொத்லாந்தையும் வென்று எல்கோ கேடயம் பெற்றவர்கள். வாய்வழி மருந்திடும் ரிக்பி துவக்குகளில் தேர்ந்தவர்கள். அமெரிக்கரின் திடலோ திறந்து ஓராண்டே ஆனது. அறைகூவலை ஏற்றபோது அவர்களிடம் அத்தூரத்துக்கு ஏற்ற துவக்கே இல்லை. ரெமிங்டன், ஷார்ப்ஸ் ஆகிய கம்பனிகள் சில மாதங்களில் பின்வழி மருந்திடும் துவக்குகளைச் செய்து கொடுத்தன. பக்கத்துக்கு ஆறு பேர். 800, 900, 1000 யார் தூரங்களில் தலைக்குப் பதினைந்து வேட்டு. கரும்புள்ளிக்கு நான்கு புள்ளி. ஈற்றில் அயர்லாந்து 931 பெற்று முடித்துவிட்டது. அமெரிக்கா 930. எஞ்சியிருந்தது ஒரே ஒரு வேட்டு. சுட வேண்டிய கேர்ணல் போடைனின் கையை, சற்றுமுன் வெடித்த இஞ்சிப்பானப் போத்தல் கிழித்திருந்தது. இரத்தம் கசியக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்துச் சுட்டார். நடுப்புள்ளி! 934.

பலரும் இத்துடன் கதையை நிறுத்துவர். எம்மைக் கவர்ந்தது மற்றொன்று. 900 யாரில் அயர்லாந்து அணியின் மில்னர் சுட்ட ஒரு வேட்டும் கரும்புள்ளியின் நடுவே பட்டது. ஆனால் அது பக்கத்துப் பலகை. கிடைத்தது பூச்சியம். அந்த நான்கு புள்ளியும் சேர்ந்திருந்தால் அயர்லாந்து 935 பெற்று வென்றிருக்கும்.

துரோணர் வைத்த சோதனையை நாம் வகுப்புத்தோறும் சொல்லி வருகின்றோம். மரமும் கிளையும் தெரியவில்லை, பறவையின் கண்ணே தெரிகின்றது என்றான் அருச்சுனன். அவனே சிறந்த வில்லாளி. இதனை இத்தனை ஆண்டு ஐயமின்றிச் சொல்லிவந்த எமக்கு, மில்னரின் கதை ஒரு முள்ளாகத் தைக்கின்றது. அவரும் கண்ணை மட்டுமே பார்த்தார். எந்த மரம் என்பதைப் பார்க்கவில்லை.

இவ்விடத்தில் மாணவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு, "எங்கள் அப்பாவின் காலைக் கெடுத்ததும் இந்த மருந்துதானா சேர்?" என்று கேட்டான்.

எமக்குச் சுருக்கென்றது. அவன் தந்தை கவ்வாத்து வேலையில் இருந்தவர். விறகு பொறுக்கத் தோட்ட எல்லையிலுள்ள காட்டோரம் சென்றபோது கட்டுத்துவக்கில் அகப்பட்டு, முழங்காலின் கீழ் இடக்காலை இழந்தவர். அது எமக்குத் தெரிந்த செய்தியே. பேச்சின் சுவையில் மறந்துபோனோம்.

அதே மருந்துதான் என்றோம். காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுவது கட்டுத்துவக்கு. ஓர் இரும்புக் குழலை முளைகளிற் கட்டி, வாய்வழியாகக் கறுப்பு மருந்தும் ஈயத்துண்டும் இட்டுக் கிட்டித்து, விசையிலிருந்து ஒரு மெல்லிய கயிற்றைப் பன்றித் தடத்தின் குறுக்கே இழுத்துவிடுவர். சட்டம் தடுத்தும் ஊவாவின் காட்டோரங்களில் இது ஓய்ந்தபாடில்லை. பயிரைப் பன்றி அழித்தால் ஏழை விவசாயி என் செய்வான் என்று கேட்பாருமுளர். அவர்கள் துயரும் பொய்யன்று. ஆனால் பன்றியின் உடல் உயரம் மனிதனின் முழங்கால் உயரம். தடத்தில் வருவது பன்றியா, பிள்ளையா என்று கயிறு பார்ப்பதில்லை.

"அதற்கும் யாரோ ஆயத்தம் செய்திருக்கத்தானே வேண்டும், சேர்? மருந்தை அளந்து, கயிற்றின் உயரம் பார்த்து..."

"ஆம். செய்துவிட்டு வீட்டுக்குப் போய் உறங்கியிருக்கிறான்" என்றோம்.

"மில்னருக்குப் பூச்சியம் போட்டார்கள். இவனுக்கு?"

வைத்தவன் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அதைத்தான் சொன்னோம். மணியடித்தது, அவன் பஸ்சுக்குப் போய்விட்டான்.

மறுநாட் காலையிற் கணக்குக் கொப்பியுடன் வந்து நின்றான். மூன்று விநாடி பறக்கும் குண்டு நடுவழியில் எவ்வளவு உயரும் என்று தானே கணக்கிட்டிருக்கிறான். ஒன்றரை விநாடி ஏற்றம், ஒன்றரை விநாடி இறக்கம். விடை 36 அடி. பௌதிகவியல் ஆசிரியரிடம் காட்டினோம். அவர் சரியென்று கோடிட்டு, "காற்றின் தடையைச் சேர்க்கவில்லை" என்று ஓரத்திற் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தார். அதை எப்படிச் சேர்ப்பது என்று அவன் இப்போது அவரைத் துரத்திக்கொண்டு திரிகிறான்.