ஆய்வுக்கூடமா, ஆராதனைக்கூடமா?

பியூரெட்டிலே பர்மாங்கனேட்டு; குடுவையிலே ஆக்சாலிக் அமிலம். "நீர்த்த கந்தக அமிலம் சேர், சூடாக்கு, இளஞ்சிவப்பு நிலைத்ததும் நிறுத்து" என்கிறது செய்முறை நூல். மாணவன் சேர்க்கிறான், சூடாக்குகிறான், நிறுத்துகிறான். ஏன் கந்தக அமிலம்? ஏன் சூடு? கேட்டானா? கேட்கத்தான் விட்டோமா? சென்ற ஆண்டு மாணவனின் பதிவேட்டிலே விடை காத்திருக்கிறது; அதற்கு ஒத்துவர எண்ணைத் திருத்தினால் மதிப்பெண் உறுதி!

பொருளறியாது மந்திரம் முணுமுணுப்பதைச் சடங்கு என்கிறோம். காரணமறியாது கரைசல் ஊற்றுவதை மட்டும் அறிவியல் என்போமா? இந்தப் பயிற்சியில் தேறிப் பட்டம் பெற்றவன், ஆயுத பூசையன்று ஆய்வுக் கருவிக்கே பொட்டு வைப்பதில் வியப்பென்ன?

கைத்திறன் வேண்டாமென்று நாம் கூறவில்லை. கையோடு கருத்தும் உழைக்கட்டும் என்கிறோம். அதே சோதனையை வைத்துக்கொண்டே ஆசிரியர் புதுமை செய்யலாம். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவு சூடாக்கட்டும். மறு பிரிவு சூடாக்காமலே தொடங்கட்டும். குளிர்ந்த குடுவையில் முதல் துளியின் நிறமே மறையத் தயங்கும். முடிவு வந்துவிட்டதோ என மாணவன் மயங்குவான். பொறுத்துப் பார்த்தால், பின்வரும் துளிகள் விரைந்து மறையும். வினையில் பிறந்த மாங்கனீசு அயனியே வினையை விரைவுபடுத்துகிறது! ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆகாதோ என்று கேட்பவனுக்கும் விடை உண்டு: பர்மாங்கனேட்டு குளோரைடையும் ஆக்சிஜனேற்றும், அளவு பிழைபடும். கட்டளையாக இருந்தது காரணமாக மாறிவிட்டது, அதுவன்றோ கல்வி!

"கருவியில்லை, பணமில்லை" என்பார்கள். ஆய்வுக்கூடம் கேட்பது அரசின் கடமையை நினைவூட்டுவதாகும், கேட்டே தீரவேண்டும். ஆனால், கொல்லன் மகனாய்ப் பிறந்து, புத்தகம் கட்டும் கடையில் தொழில் பயின்ற மைக்கேல் பாரடே, இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1860-61ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஒரே ஒரு மெழுகுவத்தியை முன்னிறுத்தி இளைஞர்க்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார்.

நம் வீட்டிலும் பொருளுண்டு. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறது. கண்ணேறு கழிக்குமென்று ஆரத்தித் தட்டிலே சுற்றுகிறார்கள். அந்நீரில் எலுமிச்சைச் சாற்றைப் பிழியட்டும் மாணவன். சிவப்பு ஓடி மஞ்சள் திரும்பும். சோப்பு நீர், புளிக்கரைசல், சோடா உப்பு எது எந்த நிறம் தருமென்று முதலில் ஊகித்து எழுதட்டும், பிறகு சோதிக்கட்டும். மஞ்சளின் நிறமி காரத்தில் சிவக்கும் என்பதைத் தானே கண்டவனிடம் தட்டின் மகிமை செல்லுமா?

ஆகவே ஆசிரியத் தோழர்களே, சோதனையைத் தேர்ந்தெடுக்குமுன் கேளுங்கள்: மாணவன் ஊகிக்க இதில் இடமுண்டா? தவறினால், தவறிலிருந்து கற்க வழியுண்டா? நச்சுப்பொருளை விலக்க முடியுமா? குடுவையளவில் செய்வதைத் துளியளவில் செய்ய இயலுமா? முதலில் நீங்களே செய்து பாருங்கள். எவ்விடத்தில் மாணவர் திகைத்தனர் என்று குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதைத் திருத்துங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கும் சொல்லுங்கள். தேர்வாளர்களே, எண்ணுக்கு மட்டுமன்றி, "ஏன்" என்ற வினாவுக்கும் மதிப்பெண் அளியுங்கள்!

மாணவத் தம்பிகளே, பதிவேட்டைப் பார்த்து எழுதுவதை விடுங்கள். உங்கள் குடுவை காட்டியதை எழுதுங்கள். மாறுபட்டால் காரணம் கேளுங்கள். கேள்வி புகாத ஆய்வுக்கூடம் கருவறையே. அதன் கதவை நாம் திறந்தாக வேண்டும்!