வாடகை குறைவாம்!

"தாராவியில் ஏன் நெருக்கியடித்துக் கிடக்கிறீர்கள்? கல்யாண் போங்கள், வாடகை குறைவு" என்று தரகர்கள் நமக்குப் புத்தி சொல்கிறார்கள். தோழர்களே, கணக்குப் போட்டோமா? வி.டி.யிலிருந்து (பெயர் மாறினாலும் நமக்கு வி.டி.தான்) 50 கிலோமீட்டருக்கு மேல்! சீசன் டிக்கெட், ஷேர் ஆட்டோ, ரயிலில் போகும் மணிக்கணக்கான நேரம் இவையெல்லாம் வாடகை இல்லையா? மாட்டுங்காவில் வீட்டு வேலை பார்க்கும் நம் பெண்கள் பிள்ளையை யாரிடம் விட்டு விடியற்கால வண்டி பிடிப்பார்கள்? பதினொரு மாதம் முடிந்தால் தரகுக்காரர் மறுபடி கை நீட்டுவார்.

நம்மவரும் சளைத்தவர்களல்ல. "ஊர்க்காரர்தானே, எதற்குக் காகிதம்?" என்று டெபாசிட்டை விழுங்குகிறார்கள். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999, 55-ஆம் பிரிவின்படி லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவில்லையா? வீட்டுக்காரர் வேறுவிதமாக நிரூபிக்கும் வரை, குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனையே செல்லும்!